நாற்பதைத் தாண்டிய பெண்களும் எடைப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும் பெண்களுக்கும், அதைக் கடந்தவர்களுக்கும், விளையாட்டுப் பயிற்சிக்கு மகளை அனுப்பும் அம்மாக்களுக்கும் எழுதியது. ஏற்கெனவே நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கடைசிக்கு முந்தைய கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறேன். அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் எலும்புக்கும் தசைக்கும் போதாது. பழகிய சுமையை எலும்பு சட்டை செய்யாது. வழக்கத்தைவிடக் கூடுதலான இழுப்போ அழுத்தமோ வந்தால்தான் அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். இருபது வருடமாக நடந்த அதே தெருவில் அதே வேகத்தில் நடப்பது எலும்புக்குப் பழைய செய்தி.

தசையும் அப்படித்தான். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. முதலில் போவது, சட்டென்று விசை கொடுக்கும் வேகமான இழைகள். கால் தடுக்கினால் அடுத்த காலை முன்னே வைத்து நம்மைக் காப்பாற்றுபவை அவைதான். நடையில் அவற்றுக்கு வேலையே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதுக்கு மேல் இருப்பவர்களுக்கு, சமநிலைப் பயிற்சியும் கலந்த பயிற்சி வாரம் மூன்று நாள். நம் ஊரில் முதல் பாதியை மட்டும் டாக்டர் சொல்லி அனுப்புகிறார், இரண்டாவது பாதி சீட்டில் ஏறுவதே இல்லை.

வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. பெரிய தசைக்கு முக்கியமான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்ணுடம்பில் ஆணைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவு. போட்டி மேடையில் பார்க்கும் உடம்புகளுக்குப் பின்னால் பல வருடப் பயிற்சியும் கிராம் கணக்குச் சாப்பாடும் இருக்கின்றன, சிலரிடம் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. வாரம் இரண்டு முறை அரிசிப் பை தூக்கி அந்த உடம்பு தற்செயலாக வந்துவிடாது.

இந்தப் பயம் நமக்கு மட்டுமானதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்துப்போனதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின, அந்தப் பந்தயம் 1960 வரை திரும்பவில்லை. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984-இல். பளுதூக்குதலில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 2000 சிட்னியில்தான். அந்த முதல் வாய்ப்பிலேயே 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார் இந்தியாவின் கர்ணம் மல்லேஸ்வரி.

ஜிம்மில் பெண்கள் பக்கத்தில் மட்டும் வரிசையாக வைத்திருக்கும் ஒரு கிலோ கலர் டம்பெல்களும் இதே பயத்தின் மிச்சம். உங்கள் கைப்பையே அதைவிடக் கனம். 'டோனிங்' என்று தனியாக ஒரு பயிற்சி கிடையாது. தசை கொஞ்சம் கூடி மேலிருக்கும் கொழுப்பு கொஞ்சம் குறைந்தால் அந்தத் தோற்றம் தானாக வரும்.

ஜிம்முக்குப் போக வசதியில்லை. வீட்டில் எப்படித் தொடங்குவது?

முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, 65 முதல் 69 வரை 11-க்குக் கீழே, 70 முதல் 74 வரை 10-க்குக் கீழே. நாற்பதுகளில் இருப்பவர் 12-இல் திணறினால் இன்றே தொடங்க வேண்டியவர்.

வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் போதும். முதல் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடை, தோளையும் இடுப்பையும் சுழற்றுதல். பிறகு இவை:

நாற்காலியிலிருந்து எழுதல், 8 முறை, மூன்று செட் (அதாவது எட்டெட்டாக மூன்று சுற்று). எழும்போது சாதாரண வேகம், உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக. பொத்தென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். சுலபமானதும் மார்போடு ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் மேடையில் கை ஊன்றித் தண்டால், 8 முறை, மூன்று செட். முடியாதவர் சுவரில் தொடங்கலாம். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. இடுப்பு தொங்கக் கூடாது.

இடுப்பை மடக்கிச் சுமை தூக்குதல், அதாவது டெட்லிஃப்ட், 8 முறை, மூன்று செட். இதைக் கற்றுக்கொள்ளத்தான் நேரம் பிடிக்கும். சுவருக்கு ஒரு சாண் முன்னால், முதுகைச் சுவருக்குக் காட்டி நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்புறத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். முதுகு நேராகவே இருக்கும், மடங்குவது இடுப்பில் மட்டும். தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள், நடு முதுகு இழுத்தால் தப்பு. ஒரு வாரம் வெறும் கையோடு பழகிவிட்டு, ஸ்டூல் மேல் வைத்த ஐந்து கிலோ பையைத் தூக்குங்கள். தரையிலிருந்து தூக்குவதெல்லாம் பிறகு.

மஞ்சப்பை இழுப்பு. பைக்குள் இரண்டு மூன்று கிலோ பருப்பு. ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுக்க வேண்டும், காது வரை தோளைத் தூக்கக் கூடாது. பக்கத்துக்கு 8, மூன்று செட்.

கடைசியாக இரண்டு வாளி. ஒவ்வொன்றிலும் ஐந்து லிட்டர் தண்ணீர், இரண்டு கையிலும் பிடித்து நிமிர்ந்து 30 விநாடி நடை, மூன்று முறை. நீங்கள் வழக்கமாகக் குடத்தை ஒரே இடுப்பில் வைப்பவர் என்றால் இதன் அருமை உடனே தெரியும்.

செட்டுக்கு நடுவே ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் உட்காருங்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, அடுத்த செட்டுக்கான முதலீடு.

எப்போது சுமையைக் கூட்டுவது?

ஒரு செட் முடியும்போது 'இன்னும் இரண்டு, மூன்று தடவைதான் முடியும்' என்று தோன்ற வேண்டும். பத்து முடியும் என்றால் அது வெறும் அசைவு. குறித்த எண்ணிக்கையைவிட இரண்டு அதிகமாக, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் செய்ய முடிந்தால் கைக்கு ஒரு கிலோ, காலுக்கு இரண்டு கிலோ கூட்டுங்கள். நோட்டில் தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் எழுதாமல் இது நடக்காது. பெரும்பாலானோர் தேங்கிப்போவது இங்கேதான்: முதல் மாதத்து ஐந்து கிலோ பையோடு ஆறாவது மாதமும் நின்றுகொண்டு, 'எனக்குப் பலன் இல்லை' என்பார்கள்.

எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற நூறு பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் நடத்திய லிஃப்ட்மோர் ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு டெட்லிஃப்ட், ஸ்குவாட் (சுமையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்குதல், குதித்து இறங்குதல் எல்லாம் தரப்பட்டன. ஐந்து ஐந்தாக ஐந்து செட், அவரவர் தூக்கக்கூடிய உச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல், வாரம் இருமுறை அரை மணி நேரம். எட்டு மாதத்தில் அவர்கள் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலகுவான பயிற்சி செய்த மற்ற பிரிவினருக்குக் குறைந்தது. ஆனால் ஒன்று: பயிற்றுநர் பக்கத்தில் நின்றே அவ்வளவும் செய்தார்கள், முதல் மாதம் லேசான சுமையில் முறையைப் பழகினார்கள். அதை விட்டுவிட்டு எடையை மட்டும் காப்பியடிக்காதீர்கள்.

எனக்கு 'எலும்புத் தேய்மானம்' என்றார்கள். நான் தூக்கலாமா?

எந்தத் தேய்மானம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரே சொல்லை இரண்டு நோய்க்குச் சொல்கிறார்கள். ஒன்று முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது. மற்றொன்று எலும்பின் உள்ளடர்த்தி குறைந்து எளிதில் முறிவது, இதற்கு வலியே இருக்காது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற எண் -1 முதல் -2.5 வரை இருந்தால் அடர்த்திக் குறைவு, -2.5-உம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ்.

முட்டித் தேய்மானத்துக்கு முன்தொடைத் தசையை வலுப்படுத்துவதே மருந்து. நாற்காலி உயரத்தைக் கூட்டி (இரண்டு தலையணை போட்டு) வலியில்லாத ஆழத்தில் தொடங்குங்கள். செய்யும்போது லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாள் முட்டி வீங்கியிருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

அடர்த்திக் குறைவு இருந்தால் பயிற்சி இன்னும் அவசியம். ஆனால் முதுகை வளைத்துக் குனிந்து எடை தூக்குவது, சுமையோடு உடம்பைத் திருகுவது, வயிற்றுக்காக மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் 'கிரன்ச்', யோகாவில் உட்கார்ந்து தலையை முட்டிக்குக் கொண்டுபோவது, இவற்றைத் தவிருங்கள். முதுகெலும்பு நசுங்கும் முறிவு பெரும்பாலும் இப்படி முன்வளைந்த நிலையில்தான் நேர்கிறது.

குதித்தால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. வெட்கமாக இருக்கிறது.

பிரசவம் ஆன பெண்களிடம் இது மிக மிகச் சாதாரணம். குழந்தை பெறாத இளம் வீராங்கனைகளிடமும் உண்டு. பேட் வைத்துக்கொண்டு சமாளிப்பவர்கள் ஏராளம், டாக்டரிடம் சொல்பவர்கள் கொஞ்சம். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைக்கான பயிற்சியால் பெரும்பாலோருக்கு நன்றாகவே குறைகிறது.

காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இறுக்கி, மேலே தூக்குங்கள். ஆறிலிருந்து எட்டு விநாடி பிடித்து, பிறகு அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். 8 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சாம்பார் கொதிக்கும் நேரத்தில் செய்துவிடலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

எங்கே தவறுகிறது? மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். தொடையையும் பின்புறத்தையும் இறுக்குவார்கள். கீழ்நோக்கி முக்குவார்கள், அது நேர் எதிர்விளைவு. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவார்கள், அதை ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம், பயிற்சியாகச் செய்யக் கூடாது. இன்னொரு பழக்கமும் கற்றுக்கொள்ளுங்கள்: தும்மலுக்கும் தூக்குவதற்கும் அரை விநாடி முன்பே இறுக்குவது. சுமை தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி தூக்கினால் கீழே அழுத்தம் குறையும்.

ஏதோ கீழே இறங்குவது போல, பந்து ஒன்று இருப்பது போலத் தோன்றினால் அது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். மகளிர் மருத்துவரைப் பார்க்காமல் கனமான சுமையைத் தொடாதீர்கள்.

மூன்று மாதம் ஆகிறது, எடை மெஷின் நகரவே இல்லை.

மெஷின் சொல்வது தண்ணீர், உணவு, எலும்பு, தசை, கொழுப்பு எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுத்தொகை. தசை கூடிக் கொழுப்பு குறைந்தால் முள் அங்கேயே நிற்கும், பிளவுஸ் மட்டும் தளர்ந்திருக்கும். ஜிம்மில் கையால் பிடித்துக் கொழுப்பு சதவீதம் பார்க்கும் கருவி நீங்கள் குடித்த தண்ணீருக்கு ஏற்ப மாறும், அதை நம்பி அழ வேண்டாம்.

இடுப்பளவு எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்றி, சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு. பாவாடை நாடா கட்டும் இடம் அதுவாக இருக்க வேண்டியதில்லை. நம் பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒரு முறை போதும்.

அதோடு நோட்டில் இதையும் எழுதுங்கள்: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா? இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்க யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறதா? ரயிலில் பெட்டியை நீங்களே மேலே வைத்தீர்களா? மெஷின் மறைக்கும் முன்னேற்றமெல்லாம் இந்த மூன்றில் தெரியும்.

நாற்பத்தைந்துக்கு மேல் தொப்பை மட்டும் ஏன்?

நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, முன்பு தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. இரவு வியர்த்து விழிப்பதால் தூக்கம் கெட்டு, பசியும் கூடுகிறது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் பார்த்துக் கரைக்காது. வியர்வை பெல்ட் கரைப்பது பர்ஸை.

என்ன சாப்பிடுவது?

இந்த வயதில் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். இட்லி சாம்பார், மதியம் சோறு குழம்பு பொரியல் மோர், இரவு தோசை சட்னி என்று சாப்பிட்டால் 35 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். அதிலும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு உட்காரும் வீடுகளில் பருப்பு அடியிலிருந்து போயிருக்கும், அம்மாவுக்கு மிஞ்சுவது குழம்பின் தெளிவு. புரதக் குறைவுக்கு இந்தப் பந்தி வரிசையும் ஒரு காரணம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கூட்டுவது எளிது. இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. நூறு கிராம் மீன் 20. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. ஒரு டம்ளர் பால் 6. உலர்ந்த சோயா உருண்டை 25 கிராம் எடுத்தால் 13. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கால்சியம்: மாதவிடாய் நின்றவருக்கு நாளொன்றுக்கு 1200 மி.கி. நூறு கிராம் கேழ்வரகு மாவில் 340 மி.கி.க்கு மேல் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240.

படியேறினாலே மூச்சிரைத்தால் 'வயசாச்சு' என்று முடிவு கட்டாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக ஏறாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

என்ன உடுத்துவது?

துப்பட்டா வேண்டாம், டிரெட்மில்லில் சிக்கும். நைட்டியும் வேண்டாம், முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்கே தெரியாது. சுடிதார் பேண்ட், பக்கவெட்டு உள்ள குர்தா தாராளம். எடை தூக்கத் தட்டையான அடி உள்ள ஷூ அல்லது வெறுங்கால், மெத்தென்ற ஓட்ட ஷூவில் கால் ஆடும். ஸ்போர்ட்ஸ் பிராவில் தாங்குவது தோள்பட்டி இல்லை, மார்புக்குக் கீழ் சுற்றும் பட்டை. அதனுள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கையைத் தூக்கினால் பட்டை மேலே ஏறக் கூடாது. முழுப் பருத்தி நம் வெயிலில் வியர்வையைப் பிடித்து வைத்துத் தோலை உரசும்.

உடம்பைக் காட்டு என்பதும் மூடு என்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு குரல்கள். 2021-இல் பிகினிக்குப் பதில் கால்சட்டை போட்டு ஆடியதற்காக நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணிக்கு 1500 யூரோ அபராதம் விதித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு விதியை மாற்றினார்கள். அதே 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனி ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் இறங்கினார்கள்.

'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?' என்கிறார்கள்.

கல்யாண வீட்டில் ஒரே பெண்ணிடம் 'குண்டாயிட்டே' என்பார்கள், இளைத்து வந்தால் 'முகமே விழுந்துபோச்சே, சுகரா?' என்பார்கள். இந்தப் பரீட்சையில் தேர்வாக வழியில்லை, எனவே எழுதப் போகாதீர்கள். பதிலுக்கு 'அம்பது கிலோ தூக்குறேன்' என்று ஒரு எண்ணைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். ஜிம்மில் சேரும்போதே 'முன், பின் போட்டோ எடுக்க வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

பஞ்சாபின் மன் கௌர் ஓடத் தொடங்கியது 93 வயதில். 2017-இல் ஆக்லாந்து உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில், 101 வயதில், 100 மீட்டரை 1 நிமிடம் 14 விநாடியில் முடித்தார். கோயம்புத்தூர் நானம்மாள் 98 வயதில் 2018-இல் யோகாவுக்காகப் பத்மஸ்ரீ பெற்றார். மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள் உண்டு. குண்டு எறிதலில் குண்டின் எடையும் வயதுக்கேற்பக் குறையும், 50 வயதுப் பெண்ணுக்கு 3 கிலோ. மாவட்ட அளவிலும் போட்டிகள் நடக்கின்றன.

மகள் தடகளப் பயிற்சிக்குப் போகிறாள். நாலு மாதமாகத் தூரம் ஆகவில்லை. 'நல்ல டிரெய்னிங்னா அப்படித்தான்' என்கிறார் கோச்.

தவறு. கர்ப்பம், தைராய்டு, நீர்க்கட்டி இல்லையென்று பார்த்த பிறகு, பெரும்பாலும் காரணம் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததுதான். உடம்பு மிச்சம் பிடிக்க முதலில் நிறுத்துவது மாதவிடாயை, அடுத்து எலும்புக் கட்டுமானத்தை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இந்த ஆற்றல் குறைபாட்டுக்குப் பெயர் வைத்து எச்சரித்தது, 2023-இல் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. ஆறாத கால் எலும்பு வலி, அடிக்கடி காய்ச்சல், எப்போதும் குளிர், முடி கொட்டுதல், ஓட்ட நேரம் மோசமாவது எல்லாம் கூட வரும். மூன்று மாதம் தவறினாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாமல் இருந்தாலோ டாக்டரிடம் போங்கள். மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவைப்பது மட்டும் தீர்வாகாது, தட்டில் சாப்பாடு கூட வேண்டும், பயிற்சி குறைய வேண்டும். எல்லோர் முன்னாலும் எடை பார்த்துக் கேலி செய்யும் பழக்கம் இருந்தால், பெற்றோர் நேராகப் போய் நிறுத்தச் சொல்வது நியாயம்.

மாதவிடாய் நாட்களில் செய்யலாமா?

செய்யலாம். வலி அதிகமென்றால் அன்று சுமையைக் குறையுங்கள்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம் வருபவர்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இவர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் தாழ்சர்க்கரை வரலாம் என்பதால் கையில் வெல்லமோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். சின்ன விழுதலிலேயே எலும்பு முறிந்தவர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் பட்டால், பயிற்சி இருக்கட்டும், அந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் போங்கள்.

ஊருக்குப் போனது, காய்ச்சல் என்று ஒரு மாதம் விட்டுப்போச்சு. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். விட்ட எடையில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்து, மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு செட்டோடு தொடங்குங்கள். ஒரு முறை பழகிய தசை புதிதாகக் கற்பதைவிட வேகமாகத் திரும்பிவிடும், இரண்டு மூன்று வாரத்தில் பழைய எண்ணுக்கு வரலாம். முதல் நாளுக்குப் பிறகு இரண்டு நாள் தொடை வலித்து, கழிவறையில் உட்கார்ந்து எழக் கஷ்டமாக இருக்கும். அது மூன்றாவது, நான்காவது நாளில் போய்விடும், தைலம் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும்.